மூணு செகண்டு மேடம்

அவருடைய டிபன் கேரியரில் மூன்று அடுக்கு. மேலடுக்கில் சோறு, கீழடுக்கில் குழம்பு, நடு அடுக்கு எப்போதும் காலி. முதல்முறை அதைப் பார்த்தபோது, பாவம், காலையில் பொரியல் வைக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் மனைவியிடம் சொல்லி ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் வரவழைத்தேன். மேடம் கிண்ணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். நடு அடுக்கில்தான் இடம் இருக்கிறதே, அதில் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்குப் பதறிப்போனார்.

"அது காலியா இருக்கணும்ணே. கொழம்புச் சூடு சோத்துல ஏறிறக் கூடாதுல்ல."

"ஏறுனா என்னம்மா? எப்படியும் பெசஞ்சுதானே சாப்பிடப் போறீக?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பெசையிறது நானாப் பெசையணும். அதுவாப் பெசஞ்சுக்கிறக் கூடாது."

இப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நான் புதுவயலில் நெல் மில் வைத்திருப்பவன். இது நடந்த காலத்தில் பாதி மில் வைத்திருந்தவன். மறுபாதி என் அண்ணனுடையது. மேடம் காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து மில்களின் மீட்டர், சென்சார், கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான தேகம், தோளில் எப்போதும் ஒரு கனத்த கைப்பை, சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை. அந்தச் சட்டையில் இருந்த நாலு பைகளில் இரண்டைத்தான் பயன்படுத்துவார். மற்ற இரண்டும் நடுவில் காலியாக இருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா!

ஸ்கூட்டியை மற்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தமாட்டார். ஒரு வண்டி நிற்கும் இடத்தை விட்டுத்தான் நிறுத்துவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையைக் காலியாக விடுவார். பரிமாறுகிறவர்கள் திட்டுவார்கள். அவர் அசரமாட்டார். விட்ட இலையை மடித்து, அதன் மேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்துவிடுவார்.

"காலியா விட்டா மட்டும் பத்தாதுண்ணே. சும்மா ஊசலாடிக்கிட்டு இருக்கிற கம்பிதான் ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக் கடத்தும். காலிக் கம்பியைத் தரையோட கட்டிப் போட்டுறணும்" என்பார். கம்பிக்குச் சொன்னாரா, இலைக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மூன்று விநாடிதான் ஊர் அறிந்த சமாசாரம். நீங்கள் எதைக் கேட்டாலும் மூன்று விநாடி கழித்துத்தான் பதில். காது மந்தமோ என்று ஆரம்பத்தில் எல்லாரும் கத்திப் பேசினோம். எங்கள் பாய்லர்க்காரர் ஒருநாள் அவர் காதருகே போய், "காப்பியா டீயா?" என்று கத்தினார். மூன்று விநாடி கழித்து, "டீ. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். அன்றைக்கு பாய்லர்க்காரர் வைத்த பெயர்தான் மூணு செகண்டு மேடம்.

போனில் பேசுவது பெரும்பாடு. ஒருமுறை அவசரமாகக் கூப்பிட்டேன். எடுத்தார். "ஹலோ மேடமா?" என்றேன். சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டேன். அவர் திருப்பிக் கூப்பிட்டார். "ஹலோ, கேக்குதா?" என்றேன். சத்தமில்லை. வைத்துவிட்டேன். இப்படிக் கால் மணி நேரம். பிறகு போன் வரவேயில்லை. அரை மணி கழித்து மேடமே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். "கேக்குதுண்ணே. என்ன விசயமாக் கூப்பிட்டீக?"

அவருடைய கணவர் ஒருநாள், ஸ்கூட்டி பஞ்சர் என்று, மேடத்தைத் தன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். அவரிடம் மெல்லக் கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று.

"பொண்ணு பாக்கப் போனப்பவே இப்படித்தான் சார். மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு எங்க அம்மா கேட்டாக. பதிலே இல்ல. அந்த மூணு செகண்டுல எங்க அம்மா எடுத்த பஜ்ஜியத் தட்டுல திரும்ப வச்சுட்டு எந்திரிச்சுட்டாக. எங்க அப்பா செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாரு. அதுக்கப்புறம் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மனசுக்குள் எண்ணினேன். சரியாக மூன்று. "பழகிப்போச்சு சார்."

என் மனைவிக்கு மேடம் மேல் தீராத கோபம் ஒன்று உண்டு. எனக்கும் அண்ணனுக்கும் அப்போது இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்தடுத்த தெருதான் வீடு. மேடம் அங்கும் போவார், இங்கும் வருவார், இரண்டு வீட்டிலும் டீ குடிப்பார். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த ஒரே ஜன்னல் அவர்தான். அந்த ஜன்னலோ திறக்கவே திறக்காது.

"அங்குட்டு எல்லாரும் நல்லா இருக்காகளா?" என்று என் மனைவி ஆரம்பிப்பாள்.

மூன்று விநாடி. "அவுகளக் கேட்டாச் சொல்லுவாக அக்கா."

"அவுகளக் கேக்க முடிஞ்சா ஒங்கள ஏன் கேக்குறேன்? சரி, இன்னைக்கு அங்க என்ன கொழம்பு? அதையாச்சும் சொல்லுங்க."

மூன்று விநாடி. "அது அந்த வீட்டுக் கொழம்பு அக்கா."

நான் பக்கத்து அறையில் சிரித்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இருந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதா, முழங்கால் வலி எப்படி, என்ன குழம்பு. எல்லாமும்தான்.

சண்டை எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் அண்ணனுடைய மச்சினன் கைகூப்பிக்கொண்டு தலை முதல் கால் வரை நிற்கிறார். நான் எங்கே என்று தேடினால், கீழே ஓரத்தில், பேருந்து பாஸில் ஒட்டுகிற அளவில், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன். நான் கூடப்பிறந்தவன்! வாசலிலேயே சத்தம் போட்டேன். அண்ணன் பதிலுக்குச் சத்தம் போட்டார். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவ்வளவுதான். ஆறு மாதத்தில் தாய்மாமா வந்து உட்கார்ந்து மில்லைப் பிரித்துவிட்டார்.

பிரித்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததே அதனால்தான். நெல் ஊறப்போடும் தொட்டிகள் எட்டு, பாய்லரிலிருந்து வரிசையாக இருக்கின்றன. பாய்லர் பக்கம் இருப்பவை சீக்கிரம் சூடேறும், தள்ளியிருப்பவை மெதுவாக. முதல் நாலு ஒருவருக்கு, பின் நாலு ஒருவருக்கு என்றால் அநியாயம். எனவே மாமா எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒன்று விட்டு ஒன்று பிரித்தார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு அண்ணனுக்கு. இரண்டு, நாலு, ஆறு, எட்டு எனக்கு. நியாயம் என்றால் அப்படி ஒரு நியாயம். ஒரு நூல் பிசகு சொல்ல முடியாது.

அதன் பிறகு என் தொட்டிகளில் நெல் சரியாக ஊறவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், மீட்டரோ நல்ல சூடு என்று காட்டும், நீராவிக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். அரைத்தால் அரிசிக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி. அண்ணன்தான் ஆள் வைத்து மீட்டரில் ஏதோ செய்கிறார் என்று முடிவு கட்டினேன். அண்ணனுக்கோ நேர் எதிர். அவர் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும், மீட்டர் குறைவாகக் காட்டும், நீராவி மேலும் மேலும் போய் நெல் வெடித்துவிடும். நான்தான் செய்கிறேன் என்று அவர் முடிவு கட்டினார். வேறு எதிலும் ஒத்துப்போகாத நாங்கள் மேடத்தைக் கூப்பிடுவதில் மட்டும் ஒத்துப்போனோம், அதுவும் தனித்தனியாகக் கூப்பிட்டு.

ஒரு தை மாதக் காலையில் மேடம் போர்டு பெட்டியைத் திறந்துவைத்து அதன் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். உள்ளே எட்டு ரிலே. எட்டுத் தொட்டிகளின் சென்சார் கம்பிகளும் அங்கே வந்து சேரும். இருப்பது ஒரே மீட்டர். ரிலே ஒவ்வொன்றாக 'டிக்' என்று ஒட்டி, ஒவ்வொரு தொட்டியையும் முறைப்படி அந்த மீட்டரிடம் கொண்டுபோய் விடும். டிக், டிக், டிக் என்று எட்டும் சுற்றிச் சுற்றி ஓடும். சாயங்காலம் வரை மேடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார், கச்சேரி கேட்பதைப் போல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரும் ஒங்க தொட்டியத் தொடலண்ணே. பெரியவுக சூடு ஒங்க கணக்குல எட்டிப் பாக்குது. ஒங்க குளுமை அவுக கணக்குல எட்டிப் பாக்குது. பழைய டெலிபோன்ல நம்ம பேசுறப்ப வேற யாரோ பேசுறது கேக்குமே, அந்தக் கிராஸ்டாக்தான் இது. கம்பி எல்லாத்தையும் ஒரே குழாய்க்குள்ள திணிச்சு வச்சிருக்காக. ரிலே வேகமா ஓடுது. முன்னால வந்த தொட்டியோட சூடு மீட்டர விட்டு எறங்குறதுக்குள்ள அடுத்த தொட்டி வந்து நின்டுருது."

"முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு?"

மூன்று விநாடி. "முன்னாடியும் கசிஞ்சுக்கிட்டுத்தாண்ணே இருந்துச்சு. அப்ப எட்டுத் தொட்டிக்கும் ஒண்ணா நெல்லு போட்டீக, ஒரே சூட்டுல இருந்துச்சு. கசிஞ்சது யாருக்கும் தெரியல. இப்ப நீங்க ஒரு நேரம் போடுறீக, அவுக ஒரு நேரம் போடுறாக."

அன்றைக்கு எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஸ்டூலை எட்டி உதைத்தேன், கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

சரிசெய்ய வழி சொன்னார். அண்ணன் கம்பிகள் ஒரு பக்கம், என் கம்பிகள் மறுபக்கம், நடுவில் புதிதாக இரண்டு காலி ரிலே, அந்தக் காலியைத் தரையோடு கட்டுவது. நீராவிக் குழாய்க்குப் போகும் கரண்ட் கம்பிக்குத் தனி வழி. சென்சார் கம்பிகளுக்கு உறை போட்ட கம்பி, உறையின் ஒரு முனையை மட்டும் எர்த் செய்வது. கடைசியாக, ஒவ்வொரு ரிலே ஒட்டியதும் மூன்று விநாடி பொறுத்துத்தான் மீட்டர் படிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். "அவர் என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன். "அது அந்த லைன்" என்றார். அண்ணனும் அதே கேள்வி கேட்டு அதே பதில் வாங்கியிருக்கிறார். எதிராளி சரி சொல்லி நாம் முடியாது என்றால் கேவலம் என்று பயந்து இரண்டு பேருமே சரி சொன்னோம்.

தொட்டி காலியாக இருக்கும் நாளில் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும் என்பதால் வேலை மாதக்கணக்கில் இழுத்தது. பங்குனியில் ஒருநாள், மேடம் கம்பி சீவிக்கொண்டிருக்க, பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்த நான் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அச்சடிக்கும் முன் மாதிரியைச் சரிபார்க்கச் சொல்லி என் போனுக்குத்தான் அனுப்பியிருந்தார். நெல் லாரி வந்த அவசரத்தில், பார்க்காமலேயே, கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். அந்தக் கண் மூடிய படத்துக்குச் சம்மதம் சொன்னதே நான்தான். காதுகுத்து முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் போனில் அதைப் பார்த்தேன். அதற்குள் பிரிவினைப் பேச்சு தொடங்கிவிட்டது.

"தப்பு என் பேர்லதான்" என்றேன்.

மூன்று விநாடி. "ம்" என்றார். அடுத்த கம்பியை எடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அது அங்குட்டுப் போய்ச் சேரட்டும் என்றுதான் சொன்னேன். உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சாயங்காலத்துக்குள் சேர்ந்திருக்கும். மறுநாள் ஆவலாகக் கேட்டேன், அங்குட்டு ஏதும் விசேஷமா என்று. "இல்லண்ணே" என்றார். அப்படியானால் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் கல்லாக இருக்கிறார் என்று முடிவு செய்தேன். என் தப்பை நானே ஒப்புக்கொண்ட பிறகும் இவ்வளவு வீம்பா? மில்லுக்கு நடுவில் சுவர் வைத்துவிடலாம் என்று சொல்லியனுப்பினேன். வைக்கட்டும் என்று உடனே பதில் வந்தது. சுவர் எழும்பிவிட்டால் முடிந்தது, எங்கள் பிள்ளைகளும் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய் விட்டுவிட்டது.

கொத்தனார் வந்து கயிறு பிடித்தார். ஒன்றாம் தொட்டிக்கு இந்தப் பக்கம், இரண்டாம் தொட்டிக்கு அந்தப் பக்கம், மூன்றாம் தொட்டிக்கு மறுபடி இந்தப் பக்கம். பாதி வழியில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "முதலாளி, இது சுவரா, பாம்பா?" என்று கேட்டார். பாம்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஆடி கழிந்ததும் கட்டு என்று தனித்தனியே சொன்னோம்.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் செங்கல் வந்து இறங்கியது. மேடமும் வந்து இறங்கினார். சுவர் வந்தால் கம்பியைத் திரும்ப இழுக்க முடியாது, அதற்கு முன் கசிவு நின்றதா என்று சோதித்தே ஆக வேண்டும் என்றார். மூன்றாம் தொட்டி சென்சார் மேல் கொதிநீர் ஊற்ற வேண்டும். அதே நேரம் நாலாம் தொட்டியின் கணக்கை மீட்டரில் பார்க்க வேண்டும். அது ஏறக்கூடாது. அவ்வளவுதான் சோதனை.

நான் என் தொட்டிக் கணக்கை அண்ணன் ஆள் படிக்கக் கூடாது என்றேன். அண்ணன் தன் தொட்டிமேல் என் ஆள் ஏறக் கூடாது என்றார். ஆக, மூன்றாம் தொட்டியின் மேல் அண்ணனே வாளியோடு ஏறி நின்றார். மீட்டர் முன்னால் நானே நின்றேன். மேடம் நடுவில் போர்டு பக்கம்.

"நான் ரிலேயக் கவனிக்கணும். செல்போனை ஆஃப் பண்ணிருங்க. ஊத்துறது, பாக்குறது, நீங்களே சத்தம் குடுத்துக்கங்க."

யாரும் சத்தம் கொடுக்கவில்லை. வாளியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பாய்லர்க்காரரைப் பார்த்து, "ஊத்தலாமான்னு கேளுய்யா" என்றார்.

"மூணாவது ஆள் வேண்டாம்ணே, நேரம் தப்பும்" என்றார் மேடம்.

அண்ணன் கூரையைப் பார்த்து, "ஊத்தலாமா?" என்றார். நான் மீட்டரைப் பார்த்து, "ஊத்தலாம்" என்றேன். தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது.

"ஏறுதா?"

"ஏறல."

"நல்லாப் பாருடா!"

அந்த 'டா'வைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு மீட்டர் தெரியவில்லை, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "இல்லண்ணே! அசையவே இல்லண்ணே!" என்று கத்தினேன்.

அண்ணன் இன்னொரு வாளி வாங்கி ஊற்றினார். "இப்ப?" "இல்லண்ணே!" இன்னொரு வாளி. "இப்படா?" "இல்லவே இல்லண்ணே!" மேடம், "டெஸ்ட் மொத வாளியிலயே முடிஞ்சிருச்சுண்ணே, போதும்" என்று நாலு முறை சொன்னார். யார் கேட்டது? பாய்லர்க்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வாளி. தொட்டியடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. வெளியே கொத்தனார், "முதலாளி, சுவரு?" என்று கேட்டார். "அந்தச் செங்கல்ல வச்சு இந்தத் தொட்டிக்கு ஏற ரெண்டு படி கட்டுய்யா, முழங்கால் வலிக்குது" என்றார் அண்ணன்.

மத்தியானம் அண்ணன் வீட்டில் இலை போட்டார்கள். மேடம் வழக்கப்படி எனக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரு இலையை மடித்துத் தன் கைப்பையை வைத்துவிட்டு எதிரே போய் உட்கார்ந்தார். கோழிக் குழம்பு ஊற்றும்போது நான் மெதுவாக, "அந்த ஃப்ளெக்ஸ் விசயம், நான்தாண்ணே. மேடம் சொல்லிருப்பாங்களே" என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. நீ சாப்பிடாமப் போனப்ப, கையப் பிடிச்சு ஒக்கார வைக்காம விட்டது என் தப்புன்னு பங்குனியிலயே மேடத்துக்கிட்டச் சொன்னேனே. உங்கிட்டச் சொல்லல?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துக் கத்தினோம். மேடம் ஒரு விரலைத் தூக்கி, ஒருவர் பேசிய பிறகு ஒருவர் என்று காட்டினார்.

அண்ணன் கேட்டார்: "அஞ்சு மாசமாச்சேம்மா! சுவரு வரைக்கும் போயிருச்சே! ரெண்டு பேரு சொன்னதும் ஒங்ககிட்டயே இருந்துச்சே, ஏம்மா சொல்லல?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"சொல்லிருங்கன்னு ரெண்டு பேருமே சொல்லலையேண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு நடு இலையிலிருந்த கைப்பையை இடது கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் இலையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெரியண்ணே, நடுவுல ஒண்ணு காலியா..." என்று மேடம் பதறினார்.

"நானாத்தான் வந்து ஒக்காந்தேன், அதுவா நடக்கல. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் சோற்றைப் பிசைந்தார்.